தும்பா சைக்கிளும் துரு மறைத்த ஜாதகமும்

பழைய இரும்பு சைக்கிள் ஃபிரேம் எந்தக் கம்பெனியில், எந்த மாடலாகப் பிறந்தது? முகப்பு வில்லை பொய் சொல்லலாம். மரையும் துளையும் அவ்வளவு எளிதில் பொய் சொல்வதில்லை.

இந்திய விண்வெளித் திட்டத்தின் மிகப் புகழ்பெற்ற புகைப்படத்தில் விண்கலமோ தீப்பிழம்போ இல்லை. இருப்பது ஒரு சைக்கிள். அதன் கேரியரில் ராக்கெட்டின் கூம்பு வடிவ முனை. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ஏவுதளத்தில் 1966ல் இதைப் படம் பிடித்தவர் ஃபிரான்ஸின் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். உலகம் சுற்றிய அந்தக் கலைஞரின் கண்ணுக்கு, எதிர்காலத்தை நிகழ்காலம் உருட்டிக்கொண்டு போவதுபோல் தோன்றியிருக்க வேண்டும். பாடப் புத்தகம், சுவரொட்டி, செய்தித்தாள் என்று அந்தப் படம் போகாத இடமில்லை. இஸ்ரோ ஒவ்வொரு முறை வெற்றி பெறும்போதும் அந்த சைக்கிள் மறுபடி வெளியே வருகிறது.

வரும்போது கூடவே ஒரு தவறும் வருகிறது. "இந்தியாவின் முதல் ராக்கெட் சைக்கிளில் போனது" என்ற வாசகம்தான் அது. முதல் ராக்கெட் ஏவப்பட்டது 1963 நவம்பர் 21ல். அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி அது. சுமார் 700 கிலோ எடை. எந்த கேரியரும் அதைத் தாங்காது. தும்பாவின் புனித மரிய மகதலேனா தேவாலயத்தில்தான் அதன் பாகங்கள் இணைக்கப்பட்டன. அங்கிருந்து ஏவுமேடைக்குப் போனது ஒரு டிரக்கில். மேடையில் தூக்கி நிறுத்தக் கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரேன் ஒன்று இருந்தது. அதிலும் எண்ணெய் கசிந்ததால் கடைசியில் ஆட்களின் தோள் தேவைப்பட்டது. அந்தக் குழுவில் இருந்த அப்துல் கலாம் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். அன்று மாலை சோடிய ஆவி கேரள வானத்தில் வண்ண மேகமாய்ப் பரவியது. சைக்கிள் படம் எடுக்கப்பட்டதோ அதற்கு மூன்றாண்டுகள் கழித்து.

ஆக, 1966ன் படத்துக்கு 1963ன் பெயர்ச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. இதே கோளாறு அந்தப் படத்தில் இருப்பதைப் போன்ற பழைய சைக்கிள்களுக்கும் உண்டு. கேரளத்திலும் தமிழகத்திலும் வீட்டுத் திண்ணையிலும் மாட்டுத் தொழுவத்திலும் சாய்ந்து கிடக்கும் ஃபிரேம்கள் ஆயிரக்கணக்கில். "தாத்தாவோட ரேலி, அசல் இங்கிலாந்து" என்று வீடு சொல்லும். "கிலோ என்ன விலை?" என்று பழைய இரும்புக் கடை கேட்கும். திருவனந்தபுரம் சாலை பஜாரானாலும் சென்னை புதுப்பேட்டையானாலும் இந்த இரண்டு குரல்களுக்கு நடுவில்தான் ஒரு ஃபிரேமின் விதி முடிவாகிறது. யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க ஒரு வழி இருக்கிறது. கல்வெட்டுப் படிக்கும் வேலைக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல.

ஒரே பெயர், இரண்டு பிறப்பு

முதலில் ஊர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுதந்திரத்துக்கு முன்பு திருவிதாங்கூரிலும் சென்னை மாகாணத்திலும் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்தவை. நாட்டிங்ஹாமின் ரேலி, பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., அருகிலுள்ள ஸ்மெத்விக்கின் ஃபிலிப்ஸ், கவென்ட்ரியின் ரட்ஜ், பீஸ்டனில் வளர்ந்த ஹம்பர் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆசிரியருக்கும் தபால்காரருக்கும் கச்சேரி குமாஸ்தாவுக்கும் அவை வெறும் வாகனமாக மட்டும் இருக்கவில்லை. ஊரில் ஒருவரின் அந்தஸ்தை அளக்கும் கோலாகவும் இருந்தன.

சுதந்திரத்தையொட்டி இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. உள்நாட்டில் சைக்கிள் செய்யத் தொடங்கியிருந்த பாட்னாவின் ஹிந்துஸ்தான் பைசைக்கிள், பம்பாயின் ஹிந்த் சைக்கிள்ஸ் ஆகியவற்றோடு புதிய ஆலைகள் சேர்ந்தன. சென்னை அம்பத்தூரில் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ் தமிழ் மண்ணில் பிறக்க ஆரம்பித்தது. பின்னர் ஃபிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் வந்தன. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ரேலி ஆலை எழுந்தது. ரேலி, ஹம்பர், ரட்ஜ், ராபின் ஹூட் ஆகிய பெயர்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1951ல் சோனிபட்டில் அட்லஸ், 1956ல் லூதியானாவில் ஹீரோ.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் ரேலி 1932ல் ஹம்பர் சைக்கிளையும், 1943ல் ரட்ஜையும், 1957ல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவையும் விழுங்கியது. ஹெர்குலிஸையும் ஃபிலிப்ஸையும் வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1960ல் ரேலியையே விழுங்கியது. ஆக, அங்கே எல்லாம் ஒரே கூரையின் கீழ். இங்கேயோ அம்பத்தூரும் ஆசன்சோலும் எதிரெதிர்க் கடை விரித்து வாடிக்கையாளரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

இதனால் பழைய ஃபிரேமைக் கையில் எடுப்பவருக்கு முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. 'ஹெர்குலிஸ்' என்றால் பர்மிங்ஹாமா, அம்பத்தூரா? 'ரேலி' என்றால் நாட்டிங்ஹாமா, ஆசன்சோலா? இந்திய ஆலைகள் பிரிட்டிஷ் வடிவமைப்பை ஒட்டியே செய்ததால் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி வித்தியாசம்கூடத் தெரியாது.

முகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஹேண்டில் நுழையும் முன் குழாயில் பதித்த பித்தளை வில்லைதான் எல்லோருடைய கண்ணும் முதலில் போகும் இடம். ஆனால் சைக்கிளில் கழற்ற மிகச் சுலபமானதும் அதுதான். இரண்டு ஆணியைக் கிள்ளினால் வில்லை கையில் வந்துவிடும். வேறொன்றை வைத்து அடிக்க ஐந்து நிமிடம் போதும். இங்கிலாந்துப் பெயருக்கு விலை உண்டு என்று தெரிந்த இடத்தில் வில்லை மட்டும் தனியாகக் கைமாறும்.

அதனால் வில்லைக்கு அடியில் இருக்கும் துளைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் தன் வில்லைக்கு ஏற்ற இடைவெளியில், மேலும் கீழுமாகவோ இடமும் வலமுமாகவோ துளை போட்டது. வில்லை ஒன்று, துளை நான்கு என்றால் பெயர் மாறியிருக்கிறது என்று பொருள். வெளியே எட்டிப் பார்க்கும் பழைய துளைகளின் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து, ஐயத்துக்கு இடமில்லாத வேறொரு சைக்கிளின் வில்லையோடு ஒப்பிட்டால் அசல் பெயர் பிடிபடலாம்.

அடுத்தது பெயின்ட். தீபாவளிக்கும் ஓணத்துக்கும் கறுப்பு எனாமல் பூசிப் பூசி ஏழெட்டு அடுக்கு ஏறியிருக்கும். ஆர்வக் கோளாறில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் துருவோடு சாட்சியத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். கம்பெனி ஒட்டிய எழுத்துகள், கையால் இழுத்த தங்கக் கோடுகள், சீட் குழாயில் 'மேட் இன் இங்கிலாண்ட்' அல்லது 'மேட் இன் இந்தியா' என்ற சின்ன எழுத்து, விற்ற கடையின் முகவரி ஆகிய எல்லாமே அடி அடுக்கில்தான் இருக்கும். மெல்லிய துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அழுக்கை மட்டும் எடுப்பது, ஓர் அங்குல இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே மேலே போவது, எதைத் தொடுவதற்கு முன்பும் படம் எடுத்துவைப்பது — இவைதான் அனுபவஸ்தர்களின் ஒழுங்கு.

பல் சக்கரத்தில் நாரை

பெடலோடு சுழலும் பெரிய பல் சக்கரத்தைப் பழைய கம்பெனிகள் வெறும் இரும்பு வட்டமாக விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தெருவில் போகிற வண்டியை அடையாளம் காணும்படி அதைச் சின்னமாக வெட்டினார்கள். ரேலியின் சக்கரத்தில் மூன்று நாரைத் தலைகள். ரட்ஜில் விரித்த உள்ளங்கை. ஹம்பரில் கைகோத்து வட்டமாக நிற்கும் மனித உருவங்கள். பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்துகளே. துப்பாக்கி செய்ய 1861ல் பிறந்த கம்பெனி என்பதால் அதன் வில்லையில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கும்.

முன் ஃபோர்க்கும் பேசும். ஹம்பரின் உயர்ந்த மாடல்களில் ஃபோர்க்கின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு மெல்லிய குழாய்கள் ஓடும். இதைப் பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிடலாம். ரேலியின் ஃபோர்க் தலை இரண்டு குழாய் முனைகள் தோள்போல் உருண்டு நிற்பதாக இருக்கும். நட்டு, போல்ட்டைக்கூட விடக் கூடாது. நாட்டிங்ஹாம் வண்டிகளின் போல்ட் தலையில் 'ஆர்.ஐ.' என்ற இரண்டு எழுத்து பொறித்திருக்கும் — ரேலி இண்டஸ்ட்ரீஸ்.

ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது. பல் சக்கரமும் ஃபோர்க்கும் தேய்ந்தால் மாற்றக்கூடிய சாமான்கள். பின்னாளில் லூதியானாவின் உதிரிபாகங்கள் நாடு முழுவதும் பாய்ந்தபோது எல்லா வண்டியும் எல்லா வண்டியின் உறுப்பையும் ஏற்றுக்கொண்டது. அதோடு பி.எஸ்.ஏ. தன் பெயர் பொறித்த ஃபிட்டிங்குகளைச் சிறு பட்டறைகளுக்கும் தனியாக விற்றது. அதை வாங்கிய பட்டறை குழாய்களைத் தானே இணைத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. ஆக, பெடல் அச்சருகே 'பி.எஸ்.ஏ.' என்று இருப்பதாலேயே அது பி.எஸ்.ஏ. சைக்கிள் ஆகிவிடாது. ஃபிலிப்ஸ் பெயர் பொறித்த பெடலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மரை சொல்லும் உண்மை

அப்படியானால் மாற்ற முடியாதது எது? ஃபிரேமோடு பிறந்து ஃபிரேமோடு சாவது எதுவோ அதுதான். அதில் முதலிடம் பெடல் அச்சு நுழையும் அடிக் குழலுக்கு. மெக்கானிக்குகள் பி.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் இடம். இதன் இரு வாயிலும் கப் திருகி உட்கார உள்ளே மரை வெட்டியிருக்கும்.

பிரிட்டிஷ் சைக்கிள்களில் பெரும்பாலானவை பி.எஸ்.ஏ. வகுத்த அளவைப் பின்பற்றின. விட்டம் 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இன்றும் உலகெங்கும் சைக்கிள் கடைகளில் இந்த மரைக்கு பி.எஸ்.ஏ. என்றே பெயர். துப்பாக்கிக் கம்பெனி விட்டுச்சென்ற சொத்து அது. ரேலி மட்டும் ஊரோடு ஒத்துப் போகவில்லை. அதே விட்டத்தில் 26 மரை வெட்டியது. அதன் கைக்குள் வந்த பிறகு நாட்டிங்ஹாமில் செய்த ஹம்பர், ரட்ஜுக்கும் அதே 26. வில்லை போய், பெயின்ட் போய், பல் சக்கரம் மாறி, நிர்வாணமாக நிற்கும் ஃபிரேமில்கூட கப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, மரை எண்ணும் சீப்பை வைத்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ரேலி குடும்பமா, வெளியாளா?

கிராமத்து மெக்கானிக்குகள் சீப்பு இல்லாமலேயே இதை அறிந்திருந்தார்கள். புது கப் இரண்டு சுற்றில் இறுகி நின்றால், "இது ரேலி மரை" என்று ஒதுக்கிவைப்பார்கள். பலவந்தமாகத் திருகினால் மரை சிதைந்து ஃபிரேமே வீணாகிவிடும் என்பது அவர்களுக்குக் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

இரண்டாவது மாறாத சாட்சி குழாயும் அதன் மூட்டுகளும். குழாய் முனைகளைக் கவ்வியிருக்கும் லக் எனப்படும் உறையின் வெட்டு, பித்தளையால் பற்றவைத்த விதம், பின் அச்சு உட்காரும் தகட்டின் வடிவம், சீட்டை இறுக்கும் போல்ட் எந்தப் பக்கம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீட் கம்பியின் கனமும் ஒரு துப்பு. சாதாரண வண்டிக் குழாய் தடித்தது. அதனுள் நுழையும் சீட் கம்பி பெரும்பாலும் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935ல் கொண்டுவந்த '531' என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாயின் சுவர் மெல்லியது. முனைகளில் மட்டும் தடித்த முதல்தர வகையில் சீட் கம்பி 27.2 மி.மீ. வரை போகும். '531' என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே 25.4 கம்பி என்றால் ஸ்டிக்கர்தான் சந்தேகத்துக்குரியது. பந்தய சைக்கிள் வாங்குகிறவரை ஏமாற்றம் தாக்கும் இடம் இதுவே.

எண்ணைப் படி எடுத்தல்

ஃபிரேமில் பொறித்த எண் அடுத்தது. சீட்டுக்குக் கீழே மூட்டிலோ, பின் சக்கரத் தகட்டிலோ, பி.பி. குழலின் அடியிலோ இருக்கும். வண்டி திருட்டுப் போனால் போலீஸ் கேட்பதும் இதைத்தான். வாங்கிய ரசீதிலும் இதுவே இருக்கும். வருஷத்துக்கொரு முறை நகராட்சியும் பஞ்சாயத்தும் வரி வாங்கிக்கொண்டு கொடுத்த உலோக வில்லைகளைச் சில வீடுகள் இன்னும் வைத்திருக்கின்றன. அந்த வில்லையில் உள்ள ஆண்டு, அந்த ஆண்டில் அந்த வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது என்பதற்காவது சாட்சி.

திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊரில் எண்ணைப் படிப்பதே ஒரு போராட்டம். உப்புக் காற்று முதலில் அரிப்பது இத்தகைய நுண்ணிய பள்ளங்களைத்தான். அமிலம் ஊற்றினால் துருவோடு எண்ணும் கரையும். கல்வெட்டுத் துறையினர் செய்வதைப் போலப் படி எடுப்பதே நல்லது. மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பள்ளத்தில் தேய்த்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இலக்கமும் எழும்.

எண் கிடைத்ததும் ஆண்டு கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். அப்படி ஒரே வரியில் பதில் சொல்லும் ஒழுங்கான பட்டியல் எல்லாக் கம்பெனிக்கும் இல்லை. ஒரே வரிசை எண்ணைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பயன்படுத்திய கம்பெனிகளும் உண்டு. பிரிட்டனில் 1955ல் தொடங்கிய பழைய சைக்கிள் ஆர்வலர் சங்கமான வெட்டரன்-சைக்கிள் கிளப், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிபுணரை வைத்து, கிடைக்கும் எண்களையெல்லாம் சேர்த்து ஒப்பிட்டு வருகிறது. தனி எண் ஒன்றும் பேசாது. நூறு எண்கள் சேர்ந்தால்தான் ஒழுங்கு புலப்படும்.

ஆண்டை நேராகச் சொல்லும் ஒரே சாமான் நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப். பின் சக்கர நடுவில் மூன்று வேக கியரை மறைத்துவைத்த அந்த உருளையில் 'ஏ.டபிள்யூ' என்று மாடலும், பக்கத்தில் '52' என்பதுபோல் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். ஆனால் அது ஹப்பின் வயது. சக்கரம் மாறியிருந்தால் ஃபிரேமின் வயது வேறு. தவிர, நம்மூர் வண்டிகளில் பெரும்பாலானவை கியரே இல்லாதவை.

மாடல் எது?

கம்பெனி தெரிந்தபின் மாடல். இதற்கு அளவு நாடாதான் துணை. பெடல் அச்சிலிருந்து சீட் குழாயின் உச்சி வரை 22 அங்குலமா, 24 அங்குலமா? சக்கரம் 28க்கு 1½ என்றால் கனரக 'ரோட்ஸ்டர்'. அதன் ரிம் அளவு 635 மி.மீ. அஞ்சல்காரரும் பால்காரரும் ஓட்டிய வண்டி அது. 26க்கு 1⅜ என்றால், அதாவது 590 மி.மீ. ரிம் என்றால், கல்லூரி மாணவர் விரும்பிய இலகு ரகம். கம்பி இழுக்கும் பிரேக் ரிம்மின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும்; ஒயர் பிரேக் பக்கவாட்டைப் பிடிக்கும். இரண்டுக்கும் ரிம்மின் வடிவமே வேறு. மேலே ஒரு பாரா, இரண்டு பாரா? மூட்டை ஏற்றவென்றே இரட்டை பார் வைத்த வண்டிகள் இந்தியச் சாலையின் தேவைக்கு வந்தவை. முழு செயின் கவர், டைனமோ, பின் சக்கரப் பூட்டு ஆகியவை மாடலை அறிய உதவும். ஆனால் இவை கழற்றிச் சேர்க்கக் கூடியவை என்பதை மறக்கக் கூடாது.

எல்லாத் துப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் பலர் செய்யும் தவறு. முதல் வரிசையில் மரை, குழாய், மூட்டு, எண். இரண்டாவதில் அடி அடுக்குப் பெயின்ட்டும் வில்லைத் துளையும். மூன்றாவதில் ஃபோர்க்கும் பல் சக்கரமும். வில்லையும் சீட்டும் பெல்லும் கடைசி. கீழ் வரிசைச் சாட்சி மேல் வரிசையோடு முரண்பட்டால் மேல் வரிசையைத்தான் நம்ப வேண்டும். பெல்லிலும் வில்லையிலும் 'ரேலி', பி.பி.யில் 24 மரை என்றால், நாட்டிங்ஹாம் கதைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி.

இரும்பு விலையா, இங்கிலாந்து விலையா?

இத்தனை மெனக்கெட என்ன இருக்கிறது? காசு ஒரு காரணம். இருபது கிலோ சொச்சம் எடையுள்ள வண்டி இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போகும். அதே வண்டி 'அசல் இங்கிலாந்து' என்று நிரூபணமானால் சேகரிப்பவரிடம் பல மடங்கு கிடைக்கும். இந்த இடைவெளியில்தான் மோசடி வளர்கிறது. புது வில்லை, புதுத் தங்கக் கோடு, பழைய கதை என்று மூன்றும் சேர்ந்தால் ஐம்பதுகளின் உள்ளூர் வண்டி முப்பதுகளின் சீமைச் சரக்காகிவிடும்.

காசைவிடப் பெரிய காரணம் வேறு. இந்த வண்டிகளைச் செய்தவர்களின் பதிவேடுகளுக்கே நாதியில்லாமல் போகிறது. ஆசன்சோலின் சென்-ரேலியையும் பம்பாயின் ஹிந்த் சைக்கிள்ஸையும் 1980ல் ஒரே சட்டத்தின் மூலம் மத்திய அரசு நாட்டுடைமை ஆக்கியது. பின்னாளில் இரண்டுமே மூடப்பட்டன. நாட்டிங்ஹாமில் ரேலி 2002ல் சைக்கிள் தயாரிப்பை நிறுத்தியது. அட்லஸின் சாஹிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, வேலையை நிறுத்தியது. ஆலை போனபின் எஞ்சியிருக்கும் ஆவணம் தெருவில் ஓடிய வண்டிதான். ஒரு ஃபிரேம் உலைக்குப் போனால் ஒரு எண்ணும் ஒரு மரையும் ஒரு மூட்டும் என்றைக்குமாகப் போகின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. 'இங்கிலாந்து' என்றால் உசத்தி, 'இந்தியா' என்றால் மட்டம் என்ற பழைய எண்ணத்தில் ஆசன்சோல் ரேலியும் தொடக்ககால அம்பத்தூர் ஹெர்குலிஸும் அலட்சியமாக உடைக்கப்படுகின்றன. புதிதாய் விடுதலை பெற்ற நாடு குழாய் வளைத்து, பற்றவைத்து, மரை வெட்டக் கற்றுக்கொண்டதன் கைத்தடம் அவற்றில் இருக்கிறது. குழாயைக்கூட இங்கேயே செய்ய 1955ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆலை வந்தது. தாத்தாவின் சைக்கிள் சீமையில் பிறக்கவில்லை என்று மரை சொன்னால் வீட்டார் முகம் வாடலாம். வரலாற்றுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

மீண்டும் தும்பாவுக்கு

இப்போது கார்த்தியே-பிரெஸ்ஸோனின் படத்துக்குத் திரும்பலாம். அந்த சைக்கிளுக்குக் கம்பெனிப் பெயர் சூட்டிப் பெருமை தேடுவதற்கு யாருக்கும் ஆசை வரும். ஆனால் மேலே சொன்ன வரிசைப்படி பார்த்தால், முதல் தரச் சாட்சியான மரையும் எண்ணும் எந்தப் புகைப்படத்திலும் விழாது. படத்தை வைத்துக்கொண்டு ஊகிக்கலாம். தீர்ப்பு சொல்ல வண்டியே கையில் வேண்டும். 1966ல் திருவனந்தபுரம் கடைத்தெருவில் புது சைக்கிள் கேட்டவருக்கு அம்பத்தூர், ஆசன்சோல், சோனிபட், லூதியானா என்று இந்திய ஊர்களிலிருந்தே வண்டி வந்தது. பழைய வண்டி கேட்டவருக்கு பர்மிங்ஹாமும் நாட்டிங்ஹாமும்கூடக் கிடைத்திருக்கும்.

ராக்கெட்டின் முனை சைக்கிளில் போனது வறுமையின் அடையாளம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. 1981ல் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றிய படத்துக்கும் அதே கேலி. ஆனால் அங்கே மாட்டு வண்டி வந்தது உலோகம் இல்லாத மேடை ஆண்டெனா சோதனைக்குத் தேவைப்பட்டதால். தும்பாவின் மணல் பாதையில் கைக்கடக்கமான கூம்பை அலுங்காமல் கொண்டுபோக, இரண்டு சக்கரமும் உறுதியான கேரியரும் கொண்ட இரும்பு வண்டி போதுமானதாக இருந்தது. அன்றைய ரோட்ஸ்டர் மூட்டை அரிசியையும் குடும்பத்தையும் சுமந்து பழகியது. கூம்பு அதற்கு ஒரு பாரமே அல்ல.

தும்பா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட்டுகளின் பெயர், எடை, உயரம், ஏவிய நாள் எல்லாம் அங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ராக்கெட்டுகளைச் செய்த தலைமுறையை வேலைக்கும் பள்ளிக்கும் சுமந்து சென்ற சைக்கிள்களுக்கு அப்படி எழுதிவைக்க யாருமில்லை. அவற்றின் ஜாதகம் அவற்றின் அடிவயிற்றிலேயே பொறித்திருக்கிறது. தொழுவத்தில் சாய்ந்து கிடக்கும் ஃபிரேமை இரும்புக் கடைக்குத் தூக்கிப் போகும் முன், தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அங்கே தெரியும் நான்கைந்து இலக்கங்களைக் குறித்துவைத்த பிறகு அதை விற்பதா, வைத்திருப்பதா என்பதை வீடு முடிவு செய்துகொள்ளலாம்.